எக்ஸ்ரேயில் முறிவு தெரியவில்லை, நாய் எழவும் இல்லை: யாரை நம்புவது?

உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். ஏற்காட்டிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். மூன்று நாள் முன்பு மலைப்பாதையில் பைக் மோதி, உங்கள் நாட்டு நாய்க்குப் பின்னங்கால் இரண்டும் விழுந்துவிட்டன. கீழே சேலத்தில் எக்ஸ்ரே எடுத்த டாக்டர், "முறிவு எதுவும் தெரியவில்லை" என்றார். அதே படத்தை வாட்ஸ்அப்பில் பார்த்த இன்னொரு டாக்டர், "மார்பில் 10-வது முள்ளெலும்புக்கும் 11-வது முள்ளெலும்புக்கும் நடுவில் இடைவெளி குறைந்திருக்கிறது, அங்கேதான் அடி" என்கிறார். யாரை நம்புவது, இன்னொரு எக்ஸ்ரே எடுத்தால் உறுதியாகிவிடுமா என்று கேட்கிறீர்கள். எழுத்தில் முக்கியமாகக் கேட்டிருப்பது அவ்வளவுதான். ஆனால் கடைசி வரியில் "வயசு நாலுதான் சார்" என்று போட்டிருக்கிறீர்களே, நிஜக் கேள்வி அங்கேதான் இருக்கிறது. நாய் மறுபடி எழுந்து நடக்குமா என்பதுதானே? முதல் கேள்விக்கு எக்ஸ்ரே ஓரளவு பதில் சொல்லும். இரண்டாவதற்கு அதனிடம் அவ்வளவாகப் பதில் கிடையாது. அதனால் தனித்தனியாகவே எழுதுகிறேன்.

நான் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவன். சேலத்தில் 25 வருஷத்துக்கு மேலாக நாய், பூனை பார்த்துக்கொண்டிருக்கிறேன். மலைப்பாதையில் அடிபட்டு வரும் நாய்கள் எனக்குப் புதிதில்லை. ஆனால் முதுகெலும்பு ஆபரேஷன் நான் செய்வதில்லை. அது தேவை என்றால் செய்கிறவர்களிடம் அனுப்பிவைக்கிறவன். உங்கள் நாயை நான் தொட்டுப் பார்க்கவும் இல்லை. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நாய்க்குக் கழுத்தில் 7 முள்ளெலும்பு, மார்பில் 13, இடுப்பில் 7, அதற்குப் பின்னால் ஒன்றாக ஒட்டிப்போன 3, அப்புறம் வாலில் இருபது சொச்சம். இவற்றுக்குள் ஓடும் குழாயில்தான் தண்டுவடம் போகிறது. எக்ஸ்ரே காட்டுவது குழாயின் சுவரை. உள்ளே இருக்கும் தண்டுவடம் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியவே தெரியாது. வீட்டுச் சுவருக்குள் கரண்ட் பைப் போட்டிருக்கிறோம் இல்லையா, அதை நினைத்துக்கொள்ளுங்கள். பைப் நசுங்கியிருக்கிறது என்று படம் சொல்லலாம். ஒயர் அறுந்ததா என்பதை ஸ்விட்சைப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். பைப் நசுங்கியும் விளக்கு எரிகிற வீடு உண்டு, பைப் சுத்தமாக இருந்தும் எரியாத வீடும் உண்டு. ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது அந்த 10, 11 விஷயம். மார்பில் 11-வது முள்ளெலும்பு ஒரு திருப்பம். அதற்கு முன்னால் உள்ள எலும்புகளில் முதுகுப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் மேல்முள் எல்லாம் வால் பக்கம் சாய்ந்திருக்கும், அதற்குப் பின்னால் உள்ளவை தலைப் பக்கம் சாயும். அந்தத் திருப்பத்தில், 10-க்கும் 11-க்கும் நடுவிலுள்ள இடைவெளி நல்ல ஆரோக்கியமான நாயிலேயே மற்றவற்றைவிடக் குறுகலாகத்தான் இருக்கும். எக்ஸ்ரே படிக்கத் தொடங்கும் எல்லோரும் ஒரு தடவையாவது தடுக்கி விழும் இடம் அது. அந்த டாக்டர் சொன்னதற்கு ஆதாரம் அந்தக் குறுகல் ஒன்று மட்டும்தான் என்றால், நான் அதை வைத்து முறிவு என்று சொல்லமாட்டேன். குழாயின் அடித்தளக் கோட்டில் படி மாதிரி ஒரு ஏற்ற இறக்கம், எலும்பு உடலின் உயரமோ நீளமோ பக்கத்து எலும்பைவிடக் குறைந்திருப்பது, மேல்முட்களில் ஒன்று மட்டும் வரிசை தப்பி நிற்பது, இரண்டு எலும்புகள் பூட்டிக்கொள்ளும் சின்ன மூட்டு வாய் பிளந்திருப்பது, இவற்றில் ஏதாவது சேர்ந்து வந்தால் அப்போது பேச்சே வேறு. அவரிடம் இதைக் கேளுங்கள். சண்டை போடுகிற தொனியில் வேண்டாம். "வேற ஏதாவது மாறியிருக்குதுங்களா சார்" என்று கேட்டாலே போதும்.

வாட்ஸ்அப் படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எனக்கு வரும் படங்களில் பாதி, ஃபிலிமை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து செல்போனில் எடுத்தவை. கட்டைவிரல் ரேகை தெரியும், விளக்கின் வெள்ளைக் கோடு நடுமுதுகில் ஓடும், முள்ளெலும்பு மட்டும் தெரியாது. ஃபிலிம் கொஞ்சம் வளைந்திருந்தால் நேரான முதுகும் விலகின மாதிரி இருக்கும். டிஜிட்டல் எக்ஸ்ரே என்றால் கம்ப்யூட்டரிலிருந்து மூலக் கோப்பையே வாங்கி அனுப்புங்கள், பெரும்பாலான இடங்களில் கேட்டால் கொடுத்துவிடுவார்கள்.

முதல் டாக்டர் சொன்ன சொல்லை நன்றாகக் கவனித்தீர்களா? "தெரியவில்லை" என்றார். "இல்லை" என்று சொல்லவில்லை. நம் காதுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும், எக்ஸ்ரே அறையில் இரண்டும் வேறு. அடிபட்ட நாய்களுக்கு எக்ஸ்ரேயும் சி.டி. ஸ்கேனும் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்ததில், முள்ளெலும்பு முறிவுகளில் ஏறக்குறைய கால் பங்கு எக்ஸ்ரேயில் தப்பிவிடுகிறது. குழாய்க்குள் விழுந்த சின்ன எலும்புத் துண்டுகள் இன்னும் அதிகமாகத் தப்பும். ஆக, படத்தில் முறிவு தெரிந்தால் நம்பலாம். தெரியவில்லை என்றால் அதை வைத்து நிம்மதியாகத் தூங்க முடியாது. இன்னொன்றும் உண்டு. மோதிய நொடியில் எலும்பு ஒரு விரல் அளவு விலகிப்போய், சுற்றியுள்ள தசை இழுத்ததும் திரும்ப தன் இடத்துக்கே வந்து உட்கார்ந்துவிடலாம். தண்டுவடத்துக்கு வேண்டிய சேதம் அந்த ஒரு நொடியிலேயே ஆகிவிட்டிருக்கும். மறுநாள் எடுத்த படத்தில் முதுகு கோடு போட்ட மாதிரி அழகாக இருக்கும்.

படம் எப்படி எடுக்கப்பட்டது என்பதும் முக்கியம். மூக்கிலிருந்து வால் வரை ஒரே ஃபிலிமில் எடுத்தால் காசு மிச்சம், தகவலும் மிச்சமாகவே நின்றுவிடும். எக்ஸ்ரே கதிர் நடுவில்தான் நேராக விழும், ஓரங்களுக்குப் போகப் போகச் சாயும். அதனால் ஓரத்திலுள்ள இடைவெளிகள் எல்லாம் பொய்யாகக் குறுகித் தெரியும். கழுத்து, மார்பு, மார்பும் இடுப்பும் சேரும் இடம், இடுப்பு என்று பகுதி பகுதியாக எடுக்க வேண்டும். பக்கவாட்டுப் படம் ஒன்று மட்டும் போதாது, மேலிருந்து கீழாகவும் ஒன்று வேண்டும். இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. இரண்டாவது படத்துக்காக நாயை மல்லாக்கப் புரட்டினால், ஆடிக்கொண்டிருக்கும் எலும்பு அந்தப் புரட்டலிலேயே தண்டுவடத்தை நறுக்கிவிடலாம். ஒருக்களித்துப் படுத்தபடியே விட்டுவிட்டு, எக்ஸ்ரே குழாயைப் பக்கவாட்டில் திருப்பி, தரைக்கு இணையாகக் கதிரை விட்டு எடுக்க முடியும். எல்லா மிஷினிலும் குழாய் அப்படித் திரும்பாது. திரும்புமா என்று கேட்டுப் பாருங்கள்.

மயக்க ஊசி பற்றியும் கேட்டிருந்தீர்கள். நாய் திமிறினால் லேசாகக் கொடுக்கத்தான் வேண்டியிருக்கும். ஆனால் முறிந்த முதுகைச் சுற்றியுள்ள தசைகள் வலியில் இறுகி, தாமாகவே கட்டுப் போட்ட மாதிரி பிடித்துக்கொண்டிருக்கும். ஆழ்ந்த மயக்கத்தில் அந்தப் பிடி தளர்ந்துவிடும். அதோடு நரம்புப் பரிசோதனை முழுவதையும் மயக்கத்துக்கு முன்னாலேயே முடித்துவிட வேண்டும், பிறகு பார்ப்பதில் அர்த்தமில்லை.

என் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், டார்க் ரூமில் டெவலப்பர் தட்டுக்கு மேல் குனிந்து நின்று, ஃபிலிமில் உருவம் எழும்பி வருவதற்குக் காத்திருந்த காலம் அது. அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு நாய் வந்தது, லாரி இடித்தது. இடுப்பில் 2-வது முள்ளெலும்பு நசுங்கியிருந்தது, குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். கண்டுபிடித்த சந்தோஷத்தில் ஃபிலிமைக் கழுவிக் காயப் போட்டுவிட்டு, மேற்கொண்டு எடுக்கவில்லை. பத்து நாள் கழித்து நாயின் முன்னங்கால்களும் தள்ளாடத் தொடங்கின. கழுத்தில் இன்னொரு முறிவு. முதுகெலும்பு முறிந்து வரும் நாய்களில் ஐந்தில் ஒன்று என்கிற அளவுக்கு இரண்டாவது இடத்திலும் சேதம் இருக்கும் என்று படித்திருந்தேன், பரிட்சையில் எழுதியும் இருந்தேன். ஒன்று கிடைத்ததும் கண் தேடுவதை நிறுத்திவிடுகிறது. அதற்கப்புறம் முதுகு முழுவதையும் எடுக்காமல் நான் யாரையும் வீட்டுக்கு அனுப்புவதில்லை.

சரி, ஸ்விட்சுக்கு வருவோம். அது பின்னங்கால் விரலில் இருக்கிறது. டாக்டர் ஒரு இடுக்கியால் விரல் எலும்பையே, தோலை மட்டும் இல்லை, எலும்போடு சேர்த்து நன்றாக அழுத்துவார். அப்போது நீங்கள் பார்க்க வேண்டியது நாயின் முகத்தை. தலையைத் திருப்பிப் பார்க்கிறதா, முனகுகிறதா, கடிக்க வருகிறதா, ஒரு நொடி மூச்சை நிறுத்துகிறதா, கண்மணி விரிகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் வலி மூளை வரை போய்ச் சேர்ந்திருக்கிறது, ஒயர் முழுவதும் அறுந்துவிடவில்லை. இதில் எல்லோரும் ஏமாறும் ஒரு இடம் உண்டு. கன்னங்குறிச்சிப் பெரியவர் ஒருவர், நான் அழுத்தியதும் அவருடைய நாய் காலை வெடுக்கென்று இழுத்ததைப் பார்த்து, "உயிர் இருக்குது சாமி, இழுக்குது பாருங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நாயோ ஜன்னலுக்கு வெளியே ஒரு காக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கால் தானாக இழுத்துக்கொள்வது தண்டுவடத்தின் கீழ்ப் பகுதி மட்டும் செய்யும் வேலை. அதற்கு மூளை தேவையில்லை. மேலே முழுவதும் அறுந்திருந்தாலும் கால் இழுக்கும். அவரிடம் அதை விளக்கிச் சொல்லி முடிக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. நீங்களே குறடு வைத்து அழுத்திப் பார்க்காதீர்கள். நாய்க்கும் காயம், உங்களுக்கும் கடி.

வலி தெரிகிற நாய்களில் பெரும்பாலானவை, சரியான ஓய்வோ ஆபரேஷனோ கிடைத்தால், ஓரளவு நடக்கும் நிலைக்கு வந்துவிடும். வலியே தெரியாமல், படத்தில் எலும்பும் நன்றாக விலகியிருந்தால், மறுபடி நடப்பவை மிகவும் சொற்பம். முள்ளெலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் பிதுங்கி வலி உணர்வு போன நாய்களில் ஏறக்குறைய பாதி ஆபரேஷனுக்குப் பிறகு நடக்கும். அந்தக் கணக்கை அடிபட்ட நாய்க்குப் போட்டு நம்பிக்கை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், இரண்டும் வேறு வேறு. அதேபோல், முன்னங்கால் இரண்டும் விறைத்து நீண்டு, பின்பகுதி துவண்டு கிடக்கும் நாயைப் பார்த்து "இது முடிந்தது" என்று கைவிடுவதும் தவறு. மார்பு, இடுப்புப் பகுதியில் தண்டுவடம் கடுமையாக அடிபட்டால் அந்த விறைப்பு வரும். அது அடி எங்கே என்று காட்டுகிறதே தவிர, பிழைக்காது என்று சொல்வதில்லை. அங்கேயும் விரலைத்தான் கேட்க வேண்டும்.

அடி எந்த இடத்தில் என்பதும் கணக்கில் வரும். பெரும்பாலான நாய்களில் தண்டுவடம் இடுப்பின் 6-வது முள்ளெலும்பு வாக்கில் முடிந்து, அதற்குப் பின்னால் நரம்புகளாகப் பிரிந்து போகிறது. 6, 7 பக்கம் எலும்பு பயங்கரமாக விலகி, படத்தைப் பார்த்தாலே வயிறு கலங்கும். ஆனால் அங்கே குழாய்க்குள் இடம் தாராளம், நரம்புகளும் கொஞ்சம் தாங்கும். அப்படி வந்தவை நடந்து போனதைப் பார்த்திருக்கிறேன். மார்பும் இடுப்பும் சேரும் இடத்தில் தண்டுவடம் குழாயை நிரப்பிக்கொண்டு போகிறது. அங்கே சின்ன விலகல்கூடப் பெரிய அடி.

ஆபரேஷனா ஓய்வா என்று முடிவு செய்ய முள்ளெலும்பை மூன்று அடுக்காகப் பார்ப்பது வழக்கம். மேலே வளைவும் மூட்டுகளும், நடுவில் குழாயின் தளமும் அங்கே ஓடும் தசைநாரும், கீழே எலும்பு உடலும் டிஸ்க்கும். இரண்டு அடுக்கு சேதமானால் அந்த இடம் ஆடும், கம்பியும் எலும்புச் சிமெண்டும் வைத்து நிறுத்துவதைப் பற்றி யோசிக்க வேண்டும். இந்த அடுக்குக் கணக்குக்கு எக்ஸ்ரேயைவிட சி.டி. எவ்வளவோ மேல். தண்டுவடத்தையே பார்க்க வேண்டுமென்றால் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். ஆபரேஷன் செய்யும் எண்ணமே இல்லை என்றால் சி.டி.க்குச் செலவழிப்பதை நான் வற்புறுத்தமாட்டேன். எண்ணம் இருந்தால் முதலில் போன் போட்டு, மிஷின் ஓடுகிறதா, சர்ஜன் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். ஓய்வு என்றால் ஆறு முதல் எட்டு வாரம் கூண்டு. எழுந்து திரும்பும் அளவுக்கு இடம், அதற்கு மேல் கிடையாது. "பாவமாக இருந்தது, கொஞ்சம் அவிழ்த்துவிட்டேன்" என்பது அந்த எட்டு வாரத்தில் நான் அதிகம் கேட்கும் வாக்கியம்.

படம் உண்மையிலேயே சுத்தமாக இருந்தால்? தண்டுவடம் கன்றிப்போய் வீங்கியிருக்கலாம், அதிர்ச்சியில் டிஸ்க் பிதுங்கியிருக்கலாம். எதுவும் எலும்பில் தெரியாது. உங்கள் விஷயத்தில் பைக் மோதியதை நீங்களே கண்ணால் பார்த்திருக்கிறீர்கள், அது நல்லது. யாரும் பார்க்காமல், தடுப்பூசி விவரமும் தெரியாத தெருநாய் ஒன்று பின்பகுதி விழுந்து கிடந்தால், கையுறை இல்லாமல் யாரும் வாயருகே போகக் கூடாது. வெறிநோய் சில நாய்களில் கடித்துக் குதறாமல், வாதம் மாதிரியே வரும். பக்கத்து வீட்டுக்காரர் தம் குட்டிக்கும் இதே பிரச்சினை என்று உங்கள் கேள்விக்குக் கீழே எழுதியிருக்கிறார், ஐந்து மாதக் குட்டி, அடியே படவில்லை, சாப்பாடு தயிர்சாதமும் எலும்பில்லாத கோழியும். அது வேறு கதை. சுண்ணாம்புச் சத்து இல்லாமல் எலும்பு காகிதமாக மெலிந்து, தானே நசுங்கியிருக்கலாம். அந்த வயதில் முள்ளெலும்பின் இரு முனையிலும் வளர்ச்சிக் கோடு இருக்கும், அதையும் முறிவு என்று படித்துவிடுவார்கள். அவர் தனியாகக் காட்டட்டும்.

மறுபடி கீழே கொண்டுவரும்போது சாக்கில் போட்டு நாலு மூலையையும் பிடித்துத் தூக்காதீர்கள். அது தொட்டில் மாதிரி குழிந்து முதுகை மடக்கும். இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் அந்த முதுகு இருபது தடவை புரளும். ஊஞ்சல் பலகை இருந்தால் அதன்மேல் ஒருக்களித்துக் கிடத்தி, கிழித்த வேட்டித் துணியால் தோளிலும் இடுப்பிலும் அகலமாகக் கட்டுங்கள், வயிற்றை இறுக்க வேண்டாம். டைக்ளோஃபினாக் மாதிரி மனிதர்களின் வலி மாத்திரை எதுவும் கொடுக்காதீர்கள். ஸ்டீராய்டு ஊசி ஏற்கெனவே போட்டிருந்தால் அடுத்த டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லிவிடுங்கள். அதன்மேல் வலி ஊசியும் சேர்ந்தால் குடலில் புண் வரும். மார்புக்கும் வயிற்றுக்கும் ஒரு படம் எடுத்தார்களா என்றும் கேளுங்கள். முதுகையே பார்த்துக்கொண்டிருக்கும்போது நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்தோ மூத்திரப்பை கிழிந்தோ நாய் போய்விடும்.

உங்கள் கேள்வியில் ஒரு வரியை நான் முதலிலேயே எடுத்திருக்க வேண்டும். "ஒண்ணுக்குப் போவதில் பிரச்சினை இல்லை, படுத்த இடம் எப்போதும் நனைந்தே இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஒண்ணுக்குப் போவதாக எனக்குத் தோன்றவில்லை. பை நிரம்பி, தாங்காமல் வழிகிறது என்றே சந்தேகப்படுகிறேன். மூன்று நாள் அப்படியே விரிந்து கிடந்தால் பையின் தசை நிரந்தரமாகத் தளர்ந்துவிடும், கிருமியும் ஏறும். முதுகு சரியானால்கூட அது சரியாகாமல் போகலாம். நாளைக் காலை கீழே வந்ததும், எக்ஸ்ரே மேஜைக்குப் போவதற்கு முன்னால், வயிற்றைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பலூன் மாதிரி இருந்தால் குழாய் விட்டோ அழுத்தியோ காலி செய்துவிட்டு, உங்கள் கையை அவர் கைக்குக் கீழே வைத்து எப்படி அழுத்துவது என்று காட்டச் சொல்லுங்கள். வீட்டில் ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை நீங்கள்தான் அதைச் செய்ய வேண்டியிருக்கும்.